எளிதில் கிட்டும் விடை

உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதையும் பாரந்தாங்கும் உத்திரம் வளைவதையும் விவரிக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகள், உருவம் சற்றே கோணலானாலும் காகிதத்தில் தீர்க்க அசாத்தியமாகிவிடுவதால், அவ்வுருவத்தைச் சிறு முக்கோணக் கூறுகளாலான வலையாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் எளியதொரு சார்பை வைத்துத் தோராயமாக விடை காணும் உபாயத்தை 1943இல் கணிதவியலர் கூரண்ட் காட்டினார். 1960இல் பொறியாளர் கிளஃப் அம்முறைக்கு 'ஃபைனைட் எலிமெண்ட்' என்று நாமகரணம் செய்தார். இன்று ஃபெனிக்ஸ், டீல்-டூ, ஃப்ரீஃபெம் முதலிய திறந்த மூல மென்பொருள்களால் அது மாணவர் கைக்கும் செலவின்றி எட்டியிருக்கிறது. இவற்றைக் கொண்டு கற்கத் தொடங்குவதன் அனுகூலமும் பிரதிகூலமும் ஆராயத்தக்கவை.

அனுகூலங்களில் தலையாயது, இவை கணிதத்தை மறைப்பதில்லை என்பதே. 2003இல் சிகாகோ பல்கலைக்கழகமும் ஸ்வீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கூடித் தொடங்கிய ஃபெனிக்ஸில், சமன்பாட்டைச் சோதனைச் சார்பால் பெருக்கித் தொகையிட்டு, பகுதித் தொகையிடலால் அதன் வலுக்குறைந்த வடிவத்தை வருவித்த பின்னரே பைத்தானில் எழுத முடியும்; எழுதிய வரியும் ஏட்டிலுள்ள சூத்திரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். டீல்-டூவின் பயிற்சிப் பாடங்களோ முதலில் வலையை மட்டும் அமைக்கச் செய்து, மூன்றாம் பாடத்தில்தான் நிலைத்த வெப்பப் பரவலை விவரிக்கும் பாய்சான் சமன்பாட்டைத் தீர்க்க விடுகின்றன. ஒவ்வொரு கூறின் பங்கையும் கூட்டி அணியை நிரப்பும் வேலையை மாணவரே சி பிளஸ் பிளஸில் எழுதுவது சிரமமாயினும், அச்சிரமமே போதனையாகிறது.

பிரதிகூலம் யாதெனில், பிழையான பிரச்சினைக்கும் இம்மென்பொருள்கள் மறுப்பின்றி விடையளிப்பதாகும். தகட்டின் மூன்று பக்கங்களுக்கு வெப்பநிலையை விதித்து நான்காவதை மறந்துவிட்டால், பகுதித் தொகையிடலில் பிறக்கும் எல்லை உறுப்பு அங்கே எழுதப்படாமல் போவதால், அப்பக்கம் வெப்பம் புகாதது என்றே கணக்கில் கொள்ளப்பட்டு, எவ்வித எச்சரிக்கையுமின்றி வண்ணப்படம் தோன்றும். ஃபெனிக்ஸின் பழைய பயிற்சிநூலில், ஒன்றுடன் x-இன் வர்க்கத்தையும் y-இன் வர்க்கத்தின் இருமடங்கையும் கூட்டிவரும் சார்பே விடையாக அமையும்படி ஒரு கணக்கு உண்டு. சதுரத்தைப் பக்கத்திற்கு 8 பிரிவாகப் பகுத்து நேரியல் கூறுகளால் தீர்த்தால், வலையின் முனைகளில் பிழை கணினியின் துல்லிய எல்லைக்குள் அடங்கிவிட, சதுரம் முழுமைக்குமான பிழையோ 0.008க்கு மேல் நிற்கும். முனைகளை மட்டும் நோக்குபவர் பூரண விடை கண்டதாக மகிழ்வர். இவற்றோடு, ஃபெனிக்ஸ் புதிய ஃபெனிக்ஸ்-எக்ஸாக மாறியபின் பழைய பாடங்கள் அப்படியே ஓடாமையால், ஆரம்ப உற்சாகத்தின் பெரும்பகுதி நிறுவுவதிலும் திருத்துவதிலும் விரயமாகிறது.

விடையை ஐயுறாமல் ஏற்கும் பழக்கத்தைத் திறந்த மூலம் மட்டுமே வளர்க்கிறது என்பது நியாயமன்று. 1991 ஆகஸ்ட் 23இல் நார்வேயின் கடற்கழியொன்றில் ஸ்லைப்னர்-ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியதற்கு, அன்று திறந்த மூலமல்லாத நாஸ்ட்ரான் மென்பொருளைக் கொண்டு செய்த கணக்கில் வலை தக்கவாறு பகுக்கப்படாமையால் வெட்டுத் தகைவுகள் 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டதும் ஒரு முக்கிய காரணம். தேர்ந்த பொறியாளர்க்கே நேரும் பிழை, பத்து வரிகளில் விடை காணும் புதியவர்க்கு எத்தனை சுலபமாக நேரும்!

ஆதலால் தொடங்கும் முறையையே மாற்ற வேண்டும் என்பது என் அபிப்பிராயம். விடையை முதலில் தாமே தேர்ந்து, அதற்கேற்ற வலப்பக்கத்தையும் எல்லை நிபந்தனைகளையும் சமன்பாட்டிலிருந்து வருவித்துக்கொண்டு, பின்னர் வலையின் அளவைப் பாதியாக்கிப் பாதியாக்கி, பரப்பு முழுமைக்குமான பிழையை நோக்க வேண்டும். வழுவழுப்பான விடைக்கு நேரியல் கூறுகளில் அது ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டுமென்பது சித்தாந்தம். குறையாவிடில் தவறு எங்கோ உளது. அதைத் தேடி நிரலின் உள்ளே வரை செல்லும் உரிமையைத் திறந்த மூலம் தருகிறது. அவ்வுரிமையைப் பிரயோகிக்காதவருக்கு இம்மென்பொருளால் கிட்டும் லாபம் உரிமக் கட்டணத்தில் மிஞ்சும் பணம் மட்டுமே.