லயத்துப் பாலாடை

நெய்க்குப் பச்சைப் பாலின் ஏடு ஆகாது, காய்ச்சிய பாலின் ஆடைதான் ஆகும் என்பது என் கட்சி. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் மாடு வளர்த்தவர்களும் இந்தக் கட்சிதான். ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்து லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில்) வீட்டுக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாடு கட்டியிருப்பார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே மேய்ந்து வரும் அவை, இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த மாடுகளின் வழிவந்தவை. கறப்பது கொஞ்சம்தான், ஆனால் பால் கெட்டி.

பச்சைப் பாலை அசைக்காமல் வைத்தால் கொழுப்பு லேசானதால் தானே மேலேறும். பசும்பாலில் இன்னொரு விசேஷமும் உண்டு. பால் குளிரும்போது அதிலுள்ள ஒரு புரதம் கொழுப்புத் துளிகளைக் கொத்தாகச் சேர்த்துவிடும். கொத்து வேகமாக மிதக்கும். எருமைப் பாலில் அந்தப் புரதத்தின் வேலை நடப்பதில்லை. அதனால்தான் கொழுப்பு அதிகம் இருந்தும் அதில் ஏடு மெதுவாகத் திரள்கிறது. ஆனால் இதெல்லாம் குளிர் இருந்தால்தான். 30 டிகிரி வெக்கையில் ஏடு திரளுமுன் பால் திரிந்துபோகும். ஐஸ்பெட்டி இல்லாத லயத்தில் அடுப்பை நம்புவதே வழி.

அந்த அடுப்பு வேலையில்தான் அழகு. பால் பொங்கி அடங்கியதும் விறகை வெளியே இழுத்துவிட்டு, வெறும் தணலில் விட வேண்டும். பாத்திரம் வாயகன்றதாக இருக்க வேண்டும். குறுகிய வாயில் ஆடை படர இடமில்லை. தட்டுப் போட்டு மூடவும் கூடாது, ஆவி வேர்த்துச் சொட்டி ஆடையைக் கிழித்துவிடும். ஈ விழாமல் மெல்லிய துணி போதும். மேற்பரப்பில் நீர் வற்ற வற்ற, புரதம் கொழுப்பைப் பிடித்துக்கொண்டு தோலாகப் படியும். இறக்கிய பிறகு யாரும் தொடக் கூடாது. (குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய கட்டளை.) மாலைக்குள் மஞ்சள் பாய்ந்து, சுருக்கம் விழுந்த ஆடை தயார். எடுப்பதில் கைப்பழக்கம் தெரியும்: விளிம்பை மெல்ல விடுவித்து, சேலை மடிப்பதுபோல் ஒரு பக்கமாகச் சுருட்டி எடுப்பார்கள். கரண்டியை முக்கி அள்ளுபவருக்குப் பாதி பால்தான் வரும்.

எடுத்த ஆடையைத் தினமும் உறைமோர் ஊற்றிய சட்டியில் சேர்க்க வேண்டும். அந்தப் புளிப்பில்தான் நெய்யின் மணம் பிறக்கிறது. பச்சையேட்டு நெய் சுத்தமாக இருக்கும், மணம் மட்டும் ஊமை. கடைவதற்கு விடியற்காலையே ஏற்றது. வெயில் ஏறினால் வெண்ணெய் உருண்டையாகாமல் இளகிக் குழம்பும்.

அதே தோட்டங்களின் ரப்பர் பாலும் பெரிய ஆலைகளில் பாலேடு போலத்தான் பிரிந்தது. சுமார் 30 விழுக்காடு ரப்பர் உள்ள பாலைச் சுழற்றி 60 விழுக்காடாக்கும் இயந்திரம், சுவீடன்காரர் குஸ்தாவ் டி லாவல் 1878இல் பாலேடு பிரிக்கச் செய்த இயந்திரத்தின் வாரிசு. சுழற்றாமலும் பிரிக்கலாம், புளியங்கொட்டை மாவைக் காய்ச்சிக் கலந்தால் ரப்பர் மெல்ல மேலே திரளும்.

இன்று சிரம்பானைச் சுற்றிய தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. கறந்த பால் கிடைப்பவர்கள் ஆடை எடுத்துப் பாருங்கள். பச்சையேடுதான் வேண்டுமென்றால் காய்ச்சாத பாலை ஓர் இரவு ஐஸ்பெட்டியில் வையுங்கள். ஒருமுறை பொங்கிவிட்டால் கொழுப்பைக் கொத்தாக்கும் அந்தப் புரதம் செயலிழந்துவிடும். எடுத்த ஏட்டைச் சூடாக்காமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். கடையில் விற்கும் ஹோமோஜினைஸ் செய்த பாலில் கொழுப்புத் துளிகளை நொறுக்கியிருப்பார்கள். அதில் எத்தனை நாள் வைத்தாலும் ஏடு திரளாது.