ரவையும் குண்டும் ஒரே குழலில்

சேஷாசலக் காட்டில் ஒரே தடத்தில் காட்டுக்கோழியும் வரும், காட்டுப்பன்றியும் வரும். கோழிக்குச் சிதறும் ரவை. பன்றிக்கு ஒற்றைக் குண்டு. செம்மரச் சரிவில் இரண்டு துப்பாக்கிகளைச் சுமந்து ஏற யாரால் முடியும்? வேட்டைக்கு அனுமதி இருந்த வெள்ளைக்காரர் காலத்தில், சித்தூர், திருப்பதி மலைகளுக்குப் போனவர்களுக்கு ஏற்ற துப்பாக்கி எதுவாக இருந்திருக்கும்?

ஜெர்மானியரின் விடை ட்ரில்லிங்: மேலே இரண்டு ரவைக் குழல், அடியில் ஒரு ரைஃபிள் குழல். வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். ஆனால் ரைஃபிளுக்கு மாற ஒரு விசையைத் தள்ளியாக வேண்டும். பன்றி அதுவரை காத்திருக்காது. கேப் துப்பாக்கியில் ஒரு பக்கம் ரவை, மறுபக்கம் ரைஃபிள். குழப்பமில்லை, ஆனால் எதற்கும் ஒரே வெடிதான்.

என் ஓட்டு பாரடாக்ஸுக்கு. 1863இல் வடமேற்கு எல்லைப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்ற ஜார்ஜ் ஃபாஸ்பெரி 1885இல் காப்புரிமை எடுத்தது. லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் செய்து விற்றது. பார்வைக்குச் சாதாரண 12 போர் இரட்டைக் குழல்தான். சூட்சுமம் வாய்ப்பக்கம் இருக்கிறது. குழல் நெடுகப் புரி வெட்டினால் ரவை சுழன்று, நடுவே வெற்றிடம் விட்டுச் சிதறும். வெட்டாவிட்டால் குண்டு தொலைவில் தடுமாறும். ஃபாஸ்பெரி கடைசிச் சில அங்குலத்தில் மட்டும் வெட்டினார். குண்டைச் சுழற்ற அது போதும், ரவையைக் கெடுக்கப் போதாது. சுமார் 100 கஜம் வரை குண்டை நம்பலாம். இரண்டு குழலுமே இரண்டு வேலையும் செய்யும். கைவினையில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவனின் வேலை இது.

சாமலா பள்ளத்தாக்கிலும் மாமண்டூரிலும் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிய கதைகளை எழுதிய கென்னத் ஆண்டர்சனின் துணை .405 வின்செஸ்டர். புலி ஒன்றே குறியென்றால் அதுவே சரி. காட்டில் எதிர்ப்படும் எல்லாவற்றுக்கும் என்றால் பாரடாக்ஸ்.

1972 வனவிலங்குச் சட்டத்தோடு அந்த வேட்டை முடிந்தது. 1989இல் இம்மலைகள் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாயின. ஆனால் அந்தத் துப்பாக்கிகளை ரசிக்கத் தடையில்லை. உங்கள் வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக் குழல் இருந்தால், முதலில் உரிமத்தைச் சரிபாருங்கள். பிறகு மடக்கித் திறந்து, தோட்டா இல்லையென்று உறுதிசெய்து, பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். வாய்ப்பக்கம் மட்டும் புரி தெரிந்தால், பழைய இரும்பென்று கைவிட்டுவிடாதீர்கள்.