மணிக்கு அற், கிழமைக்கு ஒன்

யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டிலானாலும் மதுரை ட்யூஷன் சென்டரானாலும், ஆங்கிலத்தில் காலம் காட்டும் முன்னிடைச்சொற்களைக் கரும்பலகையில் ஒரே மாதிரித்தான் எழுதிப் போடுகிறார்கள்: மணிக்கு ‘அற்’, நாளுக்கு ‘ஒன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’. மதுரையில் ‘அட்’, ‘ஆன்’ என்பார்கள். இங்கே இலங்கையில் ஆங்கிலப் பாடநூல் தரம் 3 இல் கைக்கு வருகிறது, தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பிலேயே. அந்த மூன்று வரியும் இங்கே சாதாரண தரப் பரீட்சை வரைக்கும், அங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரைக்கும் பாடமாக இருக்கும். பிறகு கடிதம் ஒன்று எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும்.

பிள்ளை இடறும் இடமும் இரண்டு கரையிலும் ஒன்றுதான். ‘திங்கட்கிழமை வந்தான்’ என்று தமிழில் உருபில்லாமலே சொல்லிவிடலாம். ஆங்கிலம் அங்கே ‘ஒன்’ கேட்கும். இங்கத்தைய ‘நாளைக்கு’, ‘இண்டைக்கு’, அங்கத்தைய ‘இன்னைக்கு’ எல்லாவற்றிலும் ‘கு’ இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அங்கே எதுவும் வேண்டாம். ஆகவே ‘மண்டே’க்கு முன்னால் விடுபட்ட ‘ஒன்’, ‘டுமோறோ’வுக்கு முன்னால் போய்க் குந்திக்கொள்கிறது. இதைத் தமிழை வைத்தே விளக்கிவிடலாம். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்ற சட்டம்தான் குறுக்கே நிற்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

நல்லூர்த் திருவிழாவை எடுங்கள். 25 நாள். ‘திருவிழாவுக்கு வந்தவர்’ என்கிறோம். அந்த ஒரு ‘கு’வுக்குள் காலமும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. கந்தனைக் கும்பிடவே வந்தார் என்றால் ‘ஃபோர்’. காணி அலுவலாகக் கொழும்பிலிருந்து வந்து அந்த நாள்களில் நின்றார் என்றால் ‘டியூறிங்’. தேரன்று வந்திறங்கினார் என்றால் ‘ஒன்’. தமிழ்நாட்டில் ‘பொங்கலுக்கு ஊருக்குப் போறேன்’ என்கிறார்கள். இரண்டு ‘கு’. முதலாவது ‘ஃபோர்’, அடுத்தது ‘டு’. மூன்று வரிப் பாடத்தில் இவை எதற்கும் இடமில்லை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு ‘மணிக்கு’ என்றால் கடிகார முள் நிற்கும் புள்ளி. இரண்டு ‘மணித்தியாலம்’ என்றால் நீளம். ‘அற்’, ‘ஃபோர்’ வித்தியாசம் வீட்டுப் பேச்சிலேயே கிடக்கிறது. தமிழ்நாட்டில் ‘மணி நேரம்’ அந்த வேலையைச் செய்கிறது. நமது ‘பின்னேரம்’ மட்டும் ஆளைக் கவிழ்க்கும். மூன்று மணியும் பின்னேரம், ஆறு மணியும் பின்னேரம். மூன்று மணிக் கூட்டத்துக்கு ‘இன் த ஈவ்னிங்’ என்று அழைப்பிதழ் அடிப்போம். மதுரைக்காரர் மதியம், சாயங்காலம் என்று பிரித்துவிடுவதால் அவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஆனால் அவருக்கு வேறொரு தொல்லை. ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்பது இந்திய அலுவலகங்களில் சாதாரணமாகக் கேட்கும். இந்தியில் ‘ஸே’ என்ற ஒரே சொல் இரண்டு வருடமாக என்பதற்கும் 2010 இலிருந்து என்பதற்கும் போதும். தமிழில் ‘ஆக’ வேறு, ‘இலிருந்து’ வேறு. முன்னது ‘ஃபோர்’, பின்னது ‘சின்ஸ்’. வெள்ளிக்குள் என்றால் ‘பை’, வெள்ளி வரை என்றால் ‘அன்ரில்’. தாய்மொழி இவ்வளவு துல்லியமாகப் பிரித்துத் தந்திருக்க, இந்தக் குழப்பத்தைத் தமிழன் ஏன் கடன் வாங்க வேண்டும்?

இரண்டு மொழியையும் சேர்த்துப் படிப்பது நமக்குப் புதிதல்ல. 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினறியில் ஆங்கிலமும் தமிழும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். வின்சுலோவின் பெயரில் 1862 இல் சென்னையில் வெளிவந்த தமிழ் ஆங்கில அகராதியின் வேலையும் யாழ்ப்பாணத்தில் தொடங்கியதே. இன்றைக்கு ஆங்கில ஆசிரியர் ஒரு கட்டடத்தில், தமிழ் ஆசிரியர் இன்னொன்றில்.

ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாகும் இடமும் உண்டு. பிரித்தானிய வழக்கில் வார இறுதிக்கு ‘அற்’. ரொறன்ரோவிலிருந்து பேசும் மச்சாள் ‘ஒன் த வீக்கெண்ட்’ என்கிறாள். அமெரிக்க நிறுவனங்களுக்கு வேலை செய்யும் சென்னைப் பொடியனும் அப்படியே. இரண்டும் சரி. பரீட்சையில் எதைப் போட என்று பிள்ளை கேட்டால், உன் புத்தகத்தில் உள்ளதைப் போடு என்பேன்.