தோற்றவர்களின் கோரஸ்

பிளைண்ட் கார்டியன் குழுவின் ‘நைட்ஃபால் இன் மிடில் எர்த்’ ஆல்பத்தின் முதல் தடத்தில் பாட்டே இல்லை. போர்க்களத்து இரைச்சலும் நடிகர்களின் குரல்களும்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்கிறான் தளபதி சௌரோன். அவனைப் போகச் சொல்லிவிட்டுத் தன் அழிவை எதிர்கொள்ளத் தனியே நிற்கிறான் இருளின் தலைவன் மார்கோத். கதையின் கடைசிக் காட்சியை முதலில் காட்டிவிட்டுத்தான் ‘இன்டு த ஸ்டார்ம்’ பாய்ந்து வந்து நம்மைத் தொடக்கத்துக்கு இழுத்துப் போகிறது. வில்லன் வீழ்வான் என்று தெரிந்தாயிற்று. அதுவரை யார் யாரெல்லாம் மடிவார்கள் என்பதை அடுத்த ஒரு மணி நேரம் பாடுகிறார்கள்.

பவர் மெட்டல் என்றாலே வெற்றியின் இசை. மின்னல் வேக டிரம்ஸ், உச்சஸ்தாயியில் ஏறி நிற்கும் குரல், அரங்கமே சேர்ந்து பாடத் தோதான கோரஸ். ஆல்பம் வெளியான 1998இல் இந்த வகை ஐரோப்பாவில் உச்சத்தில் இருந்தது. அதே ஆண்டில் ஸ்வீடனின் ஹாமர்ஃபால், இத்தாலியின் ராப்ஸடி என்று பல குழுக்கள் வாளேந்திய வீரர்களைப் பாடிக்கொண்டிருந்தன. அந்த வீரர்கள் பெரும்பாலும் ஜெயித்தார்கள். ஜெர்மனியின் க்ரேஃபெல்ட் நகரத்துக் குழுவான பிளைண்ட் கார்டியன், தன் ஆறாவது ஸ்டுடியோ ஆல்பத்தில், அதே வேகத்தையும் அதே கோரஸையும் எடுத்துக்கொண்டு தோற்றவர்களின் பக்கம் போய் நின்றது. இந்த ஆல்பத்தின் மகத்துவம் முழுவதும் அந்தத் தேர்வில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மூலக்கதை டோல்கீனின் ‘சில்மரிலியன்’. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1977இல், மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்ட நூல். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படித்தவர்களில் பலர் இதன் முதல் ஐம்பது பக்கங்களைத் தாண்டுவதில்லை. பெயர்களின் அடர்த்தி அப்படி. களவுபோன மூன்று மணிகளை மீட்க ஃபியனோர் எடுக்கும் சபதம், அதற்காகத் தன் இனத்தாரையே கொன்ற பழி, அதனால் அவனுடைய நோல்டோர் குலத்தின் மீது விழுந்த சாபம், பிறகு தலைமுறை தலைமுறையாகச் சரிவு. பீட்டர் ஜாக்சனின் படங்கள் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்த காலத்தில், இதை வேகமான கிட்டார் இசையாக்கத் துணிவதற்குப் பெரிய நம்பிக்கை வேண்டும்.

அந்த நம்பிக்கை குரல்களில் கேட்கிறது. அதுவரை பாடிக்கொண்டே பாஸ் கிட்டாரும் வாசித்த ஹான்ஸி கூர்ஷ், இந்த ஆல்பத்தில் அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பாட்டில் மட்டும் இறங்கினார். ஒரே வரியை அவர் முதலில் தனியாகப் பாடுவார். பின்னால் குரல்மேல் குரலாக அடுக்கிய குழுப்பாடல் எழும். குவீன் குழுவிடம் கற்ற வித்தைதான். ஆனால் இங்கே அதற்குக் கதையில் ஓர் இடம் கிடைக்கிறது. ‘நைட்ஃபால்’ பாடலைக் கேளுங்கள். மெல்லிய அகவுஸ்டிக் கிட்டாரோடு தணிந்த குரலில் தொடங்குகிறது. ஒளி தந்த மரங்கள் பட்டுப்போயின, அரசன் கொலையுண்டான். ஒருவன் துக்கம் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கோரஸ் திறக்கிறது. ஒரு குலமே அழுகிறது. சாவு வீட்டில் ஒருத்தி ஒப்பாரி எடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வதைப் போன்ற எழுச்சி அது.

ஆந்த்ரே ஓல்பிரிச்சின் கிட்டார் அந்தக் குரல்களுக்கு இன்னொரு பாடகனைப் போலப் பதில் சொல்கிறது. தாளத்தை மார்கஸ் ஜீப்பனிடம் விட்டுவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மெட்டு இழைக்கிறார். தனி ஆவர்த்தனம் வாசித்துக் கைதட்டல் வாங்கும் அவசரம் அவரிடம் இல்லை.

‘டைம் ஸ்டாண்ட்ஸ் ஸ்டில்’ என் மனத்தில் முதலிடம் பிடித்த பாடல். அரசன் ஃபிங்கோல்ஃபின் தன்னந்தனியாகக் குதிரையேறிப் பகைவனின் கோட்டை வாசலில் போய் அறைகூவுகிறான். ஏழு காயங்கள் உண்டாக்கிவிட்டுச் சாகிறான். குதிரையின் பாய்ச்சலும் வாள்வீச்சும் தாளத்திலேயே இருக்கின்றன. கோரஸில் மட்டும் குரல்கள் அகன்று விரிந்து அந்தக் கணத்தை நிறுத்திப் பிடிக்கின்றன. அவன் சாவான் என்பது கேட்பவருக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். இசை ஒரு நொடிகூடத் தலைகுனியவில்லை. அதற்கு நேரெதிரே ‘தி எல்டார்’: பியானோவின் துணையில் மன்னன் ஃபின்ரோட் விடைபெறுகிறான். இத்தனை ஆரவாரத்துக்கு நடுவில் ஹான்ஸி இப்படி நொறுங்கிப் பாடியது பெரிய துணிச்சல்.

ஆந்த்ரேயாஸ் மார்ஷல் வரைந்த அட்டைப்படத்தில் மார்கோத்தின் முன் லூத்தியன் ஆடுகிறாள். அவனை உறங்கவைத்து மணியைக் கவர்ந்த ஆட்டம் அது. கதையின் அபூர்வமான வெற்றி. பாட்டாக்கும்போதோ அவர்கள் அந்த வெற்றியை விட்டுவிட்டார்கள். காதலன் பெரென் இறந்தபின் அவள் பாடிய துயரத்தைத்தான் ‘வென் சாரோ சேங்’ எடுத்துக்கொள்கிறது.

ஜெர்மனியில் விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தது ஆல்பம். அமெரிக்காவில் முறையாக வெளியான அவர்களின் முதல் ஆல்பமும் இதுவே. அங்கே கிடைத்த வரவேற்பால் பழைய ஆல்பங்களும் கடைக்கு வந்தன. ரசிகர்களிடையே இன்றுவரை தீராத வழக்கு ஒன்று உண்டு. 22 தடங்களில் பாதி, பேச்சும் ஓசையுமான சின்னஞ்சிறு இடைத்துண்டுகள். அவை ஓட்டத்தைக் கெடுக்கின்றன என்பது ஒரு கட்சி. சில துண்டுகள் இல்லாமலே இருந்திருக்கலாம் என்பதை நானும் ஒப்புவேன். ஆனால் ‘கேப்சர்ட்’டில் கைதியின் முன் மார்கோத் பேசும் அந்தச் சில நொடிகளைத் தாண்டிவிட்டு ‘ப்ளட் டியர்ஸ்’ கேட்டால், மலைமுகட்டில் ஒரு கையால் தொங்கவிடப்பட்ட மைத்ரோஸின் வலி பாதிதான் வந்து சேரும்.

மேடையில் அதிகம் வாழ்ந்த பாடல் ‘மிரர் மிரர்’. நடுவில் நாட்டார் நடனத் துள்ளலோடு வரும் அந்தப் பகுதிக்காகவே பலருக்குப் பிடிக்கும். டுர்கோன் ரகசியமாகக் கட்டும் கோண்டோலின் நகரத்தைப் பற்றியது. அந்த நகரமும் பின்னால் எரியும். ஆயிரக்கணக்கானோர் கையுயர்த்திச் சேர்ந்து பாடுவது அதைத்தான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2002இல், ‘எ நைட் அட் தி ஓபரா’ வந்தது. குரல்கள் இன்னும் அடர்ந்தன. சில இடங்களில் மூச்சுமுட்டும் அளவுக்கு. ஆனால் அதன் கடைசிப் பாடல் 14 நிமிடம் நீள்கிறது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நகரம், ட்ராய்.