பண்ணையாள் முறையும் பி. சீனிவாசராவும்: கீழத்தஞ்சை உழவர் இயக்கத்தை மீண்டும் படித்தல்

தமிழகப் பொதுவுடைமை இயக்க வரலாற்றில் ம. சிங்காரவேலர், ப. ஜீவானந்தம் ஆகியோரின் பெயர்களுக்குக் கிடைத்த கவனம் பி. சீனிவாசராவின் பெயருக்குக் கிடைத்ததில்லை. சிந்தனையாளர்களையும் பேச்சாளர்களையும் அவர்களது எழுத்துகள் வழியே மதிப்பிடுவது எளிது. சேரிக்குள் இருந்து சங்கம் கட்டியவரின் பணியையோ கூலி ஒப்பந்தங்களிலும் காவல்துறைக் குறிப்புகளிலும் வாய்மொழி நினைவுகளிலும்தான் தேட வேண்டியிருக்கிறது. அவ்வாறு தேடுகையில் தெளிவாகும் செய்தி ஒன்று உண்டு: வர்க்கப் போராட்டம் எனப் பெயர் பெற்ற கீழத்தஞ்சை இயக்கம், தொடக்கத்திலேயே சாதிக்கு எதிரான போராட்டமாகவும் இருந்தது.

காவிரிக் கடைமடையான திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, நாகப்பட்டினம் பகுதிகளில் நிலத்தின் பெரும்பகுதி மிராசுதார்கள் எனப்பட்ட பெருநிலக்கிழார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் குவிந்திருந்தது. அந்நிலத்தில் உழைத்தவர்களுள் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிட்ட குடியானவர்கள் ஒரு பிரிவினர். அவர்களுக்கும் கீழே, குடும்பத்தோடு ஒரே பண்ணைக்குக் கட்டுப்பட்டு, கூலியை நெல்லாகப் பெற்று, பண்ணையார் மனையிலேயே குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் பண்ணையாள்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். குடியிருக்கும் மனை பண்ணையாருடையது என்பதால், வேலையை மறுப்பவர் கூலியோடு கூரையையும் இழக்க வேண்டியிருந்தது.

இம்முறையைத் தாங்கி நின்ற தண்டனைகள் இரண்டு. ஒன்று சவுக்கடி, மற்றொன்று சாணிப்பால், அதாவது மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வற்புறுத்திக் குடிக்கச் செய்வது. வேலைக்குத் தாமதமாக வந்தது, எதிர்த்து ஒரு சொல் பேசியது போன்றவையே இவற்றுக்குப் போதிய குற்றங்களாயின. நெல்லை அளக்கும் மரக்காலிலும் அநீதி இருந்தது. முத்திரையிடப்பட்ட, அளவு சரியான மரக்காலால் கூலி அளக்கப்பட வேண்டும் என்று விவசாயிகள் சங்கம் பின்னாளில் கோரியதிலிருந்தே, கூலி விகிதம் எதுவாக இருந்தாலும் அளக்கும் இடத்தில் உழைப்பாளி இழந்துகொண்டிருந்தார் என்பது விளங்கும்.

1907-இல் தென்கன்னடப் பகுதியில் கன்னடம் பேசும் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்த சீனிவாசராவ், இளமையில் விடுதலைப் போராட்டத்தில் இறங்கி, சென்னையில் அந்நியத் துணி மறியலில் ஈடுபட்டுக் காவலர்களின் கடும் தடியடிக்கு ஆளானவர். சிறையில் பொதுவுடைமையாளர் அமீர் ஹைதர் கானின் தொடர்பால் அக்கொள்கைக்கு வந்தவர். 1943-இல் பொதுவுடைமைக் கட்சி அவரைத் தஞ்சைக்கு அனுப்பியபோது மொழியும் மண்ணும் அவருக்கு அந்நியம். கொச்சைத் தமிழில் பேசியபடி சேரிகளிலேயே தங்கி, அங்கேயே உண்டு உறங்கி அவர் பணியாற்றினார் என்பதை அவரைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் ஒருமித்துச் சொல்கின்றன. மன்னார்குடிக்கு அருகிலுள்ள தென்பரையில் விவசாயிகள் சங்கக் கிளை எழுந்தது. அடித்தால் திருப்பி அடிக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து ஊர் ஊராகப் பரவியது. ஆனால் எல்லாம் அவரிடமிருந்தே தொடங்கின என்று கொள்வது பிழை. பிராமணக் கைம்பெண்ணாக இருந்து, தலைமுடியை வெட்டி, வேட்டியும் சட்டையும் அணிந்து வயல்வெளியில் இறங்கிய மணலூர் மணியம்மை அவருக்கு முன்பே பண்ணையாள்களிடையே வேலை செய்துவந்தார். சேரிகளிலிருந்தே உருவான களப்பால் குப்பு போன்ற தலைவர்கள் இல்லாமல் சங்கம் நிலைத்திருக்கவும் முடியாது.

1944-இல் மன்னார்குடியில் அதிகாரிகள் முன்னிலையில் மிராசுதார்களுக்கும் சங்கத்துக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பது கூலிக் கோரிக்கைகளோடு சேர்ந்தே இடம்பெற்றது. இதில்தான் சீனிவாசராவின் அரசியல் நுட்பம் வெளிப்படுகிறது. நிலமே அடிப்படைக் கேள்வி என்பதை அறிந்திருந்தும் அவர் அதிலிருந்து தொடங்கவில்லை; உடலின் மீதான அவமானம் நீங்காமல் கூலிக்காக ஒருவர் நிமிர்ந்து நின்று பேரம் பேச முடியாது என்ற தெளிவோடு இரண்டையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் வைத்தார். பொதுவுடைமையினர் சாதியைக் கண்டுகொள்ளவில்லை என்ற குற்றச்சாட்டு வேறு இடங்களுக்குப் பொருந்தலாம். கீழத்தஞ்சையின் அந்த ஆண்டுகளுக்குப் பொருந்தாது.

1948-இல் தொடங்கிய அடக்குமுறைக் காலம் கொடியது. தலைவர்கள் தலைமறைவாயினர், களப்பால் குப்பு சிறையில் இறந்தார், 1950-இல் வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயினும் இயக்கம் அழியவில்லை என்பதை 1952 பொதுத்தேர்தல் காட்டியது. அதே ஆண்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஏறத்தாழ 6.67 ஏக்கருக்கு, மேல் நிலம் வைத்திருந்தோருக்கே அது பொருந்தியது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கையும், பண்ணையாளுக்கு வேலைப் பாதுகாப்பையும் அது வழங்கியது. ஆனால் நிலவுடைமையாளர் பலர் நிலத்தைப் பிரித்து எழுதியும், பண்ணையாள்களை நிறுத்திவிட்டுத் தினக்கூலிகளை அமர்த்தியும் சட்டத்தைத் தாண்டிச் சென்றனர். பண்ணையாள் முறை மறைந்தது. அதனிடத்தில் வேலை உறுதியற்ற கூலித் தொழிலாளர் கூட்டம் பெருகியது. இவ்விரண்டையும் சேர்த்தே அச்சட்டத்தை மதிப்பிட வேண்டும்.

இக்காலத்தைக் குறித்த ஆய்வுகள் சமனற்றவை. 1951 முதல் 1953 வரை தஞ்சைச் சிற்றூர்களில் களப்பணி செய்து, 1976-இல் மீண்டும் வந்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப், உற்பத்தி உறவுகளின் நோக்கில் எழுதிய இரு பெருநூல்கள் இன்றும் இத்துறையின் அடித்தளம். சங்கம் வேரூன்றிய கீழைப் பகுதிச் சிற்றூரையும் அது வலுப்பெறாத மேலைப் பகுதிச் சிற்றூரையும் அவர் ஒப்பிட்டுக் காட்டியிருப்பது தனிச் சிறப்பு. 1965-இல் வெளிவந்த ஆந்த்ரே பெதெய்லின் நூல், சாதியும் வர்க்கமும் அதிகாரமும் ஒன்றிலிருந்து ஒன்று விலகுவதை நுணுக்கமாக விளக்கினாலும், சேரியின் பார்வைக்கு அதில் போதிய இடமில்லை. மார்ஷல் பௌட்டனின் ஆய்வு விவசாயத் தீவிரத்தின் காரணங்களை அளந்து பார்க்கிறது. மைதிலி சிவராமனின் கட்டுரைகளோ களத்தின் வெப்பம் தணியாதவை. தமிழில் கோ. வீரய்யனின் இயக்க வரலாறு தவிர்க்க இயலாத ஆவணம். கட்சி நோக்கில் எழுதப்பட்டது என்பதை மனத்தில் கொண்டு படிக்க வேண்டியதும்கூட. மணியம்மையின் வாழ்வை மீட்டெடுத்த பெருமை வரலாற்றாசிரியர்களுக்கு அல்ல, ‘பாதையில் பதிந்த அடிகள்’ எழுதிய நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணனுக்கே உரியது. நாற்று நட்டும் களை பறித்தும் வேலைநிறுத்தங்களைத் தாங்கிய பெண்கள் மேற்கண்ட ஆய்வுகளில் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே நிற்கின்றனர்.

30 ஸ்டாண்டர்டு ஏக்கரை வரம்பாக வைத்து, மடங்கள், கோயில்கள், கரும்புப் பண்ணைகள் முதலியவற்றுக்கு விலக்களித்த நில உச்சவரம்பு மசோதாவை எதிர்த்து 1961-இல் விவசாயிகள் சங்கம் நடத்திய போராட்டத்துக்கு நடுவே, செப்டம்பர் 30 அன்று சீனிவாசராவ் காலமானார். கட்சி 1964-இல் பிளவுபடும் முன்பே அவர் மறைந்ததால் இரு கட்சிகளும் அவரைத் தம்மவராகக் கொண்டாடுகின்றன. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுக் கோரிக்கையை ஒட்டிய மோதலில் கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் கொல்லப்பட்டது, அவர் தொடங்கிய போராட்டம் முடிவுறவில்லை என்பதற்குக் கொடிய சான்று. 1969-இன் நியாயக் கூலிச் சட்டமும், குடியிருப்பு மனையை அதில் வாழ்ந்தவருக்கே உரிமையாக்கிய 1971-இன் சட்டமும் அதற்குப் பின்னரே வந்தன. பண்ணையாளைக் கட்டிவைத்த மனை என்னும் தளையை அறுத்த இரண்டாவது சட்டம், இவ்வியக்கத்தின் பேறுகளுள் மிகக் குறைவாகப் பேசப்படுவது.

சீனிவாசராவின் முழுமையான, சான்றுகளால் உறுதிப்பட்ட வாழ்க்கை வரலாறு தமிழ்ப் புலமை உலகம் செலுத்த வேண்டிய கடன். அதற்கு ஊர்வாரியான கூலி ஒப்பந்தங்களும் வழக்கு ஆவணங்களும் திரட்டப்பட வேண்டும். 1940-களின் சங்க நாட்களை நேரில் கண்டோரின் பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டதால், அவர்கள் கேட்டு வைத்திருப்பதைப் பதிவு செய்யும் பணியைத் தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் காலம் தாழ்த்தாமல் ஏற்க வேண்டும்.