கல்லைக் காணும் கண்

விஞ்ஞானம் யாருக்கும் சொந்தமில்லாத அறிவு, கவிதை ஒருவனின் அந்தரங்கம் என்ற பாகுபாடு நம் விமர்சகர்களிடையே இன்னும் செல்லுபடியாகிறது. இதற்கு எதிராகக் கிளம்பியுள்ள மற்றொரு கட்சி, எல்லா அறிவும் அதிகாரத்தின் அபிப்பிராயமே என்கிறது. இரு கட்சியாரும் விஞ்ஞானியின் வேலையைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் வசிக்கும் ஆவடிக்கு வடமேற்கே, பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டிக் கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கிற அத்திரம்பாக்கம் இவ்விருவருக்கும் பதில் சொல்லும் என்று நினைக்கிறேன்.

1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக்குழி ஒன்றில் கிடைத்த கல்லை, ஆதிமனிதன் செதுக்கிய கருவி என்று இனங்கண்டார் ராபர்ட் புரூஸ் ஃபூட். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார். ஊரார் அவற்றைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? மிதித்தே நடந்திருப்பார்கள். ஃபூட்டின் கண் பழக்கப்பட்ட கண். பிரான்ஸில் பூஷே த பெர்த் 1840களிலேயே இத்தகைய கற்களைக் காட்டி வாதாடினார், பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1859இல் பிரெஸ்ட்விச்சும் எவான்ஸும் இங்கிலாந்திலிருந்து போய்ப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அவை சாட்சியமாயின. கற்கள் மாறவில்லை, ஒரு சமூகத்தின் பார்வை மாறிற்று. நான்கே வருஷத்தில் அந்தப் பார்வை சென்னைக்கும் வந்துவிட்டது.

அப்படியானால் எல்லாம் சமூக ஒப்பந்தம்தானா? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் நண்பர் ஒருவர், வெட்டும் சத்தத்தைக் கேட்டே பிட் மழுங்கியதைச் சொல்லிவிடுவார். எப்படி என்று கேட்டால் விளக்கத் தெரியாது. சொல்ல முடிவதைவிட அதிகமாக நாம் அறிந்திருக்கிறோம் என்று மைக்கேல் போலன்யி வாதிட்டது இதைத்தான். ரசாயனம் பயின்ற அவர், 1958இல் எழுதிய நூலில் விஞ்ஞான அறிவையே தனிமனித அறிவு என்றார். ஆனால் நண்பரின் காது சொல்வதை மைக்ரோமீட்டர் மறுத்தால் காதுதான் தோற்கும். இதை நண்பரும் ஒப்புக்கொள்வார். அந்தச் சம்மதம் இல்லாதவரை அனுபவம் வெறும் ஜம்பம்.

அத்திரம்பாக்கத்திலும் இதுவே நடந்தது. சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே மண்ணடுக்கு அடுக்காக அகழ்ந்தார்கள். அவர்கள் குழு 2011இல் வெளியிட்ட முடிவின்படி, அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது குறைந்தது 10 லட்சம், சராசரிக் கணக்கில் 15 லட்சம் ஆண்டுகள். 2018இல், அடுத்த கட்டக் கருவிமரபு அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்றார்கள். 64,000 ஆண்டுகள் முன்பின்னாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். கல்லைச் செதுக்கியவரின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. அதனால் அவர் எவ்வகை மனிதர் என்ற விவாதத்திற்கு இடம் இருக்கிறது. தன் சந்தேகத்தின் அளவையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, மறுக்க வருகிறவனுக்குக் குழியையும் கல்லையும் காட்டுவதுதான் விஞ்ஞானத்தின் நேர்மை. வெறும் அபிப்பிராயம் இப்படி நடந்துகொள்ளாது.

நம்மிடம் மைக்ரோமீட்டர் இல்லை. ஒரு கவிதையைக் கவிதை என்று இனங்காணும் கண்ணும் பழக்கத்தால், பிறரோடு படித்துச் சண்டையிட்டதால் வந்ததுதான். ஆனால் நாமோ 'எனக்குப் பட்டது' என்று எழுதிவிட்டு நகர்கிறோம். எங்கே பட்டது, எந்த வரியில், எந்தச் சொல்லில் என்று காட்டுவதில்லை. செதுக்கின தழும்பைக் காட்டாமல் கருவி என்று சொன்னால் ஃபூட்டையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நம்மை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?