வன்னிஹாமியும் வன்னிக் கவிதையும்

திரைப்படம் கவிஞனுக்கு யாது நல்கும் என்ற வினாவுக்கு எம்மிடையே வழங்கும் விடை பெரும்பாலும் திரைப்பாடல்களோடு நின்றுவிடுகிறது. படத்துக்குப் பாட்டெழுதுவது வேறு; படம் பார்த்துக் கவிதை கற்பது வேறு. பின்னையதே ஈண்டு நோக்கற்பாலது.

பிரசன்ன விதானகே 1997 இல் உருவாக்கிய 'புரஹந்த களுவர' என்னும் சிங்களத் திரைப்படம் இவ்வகையில் வன்னிக் கவிஞர் ஊன்றிக் காணவேண்டிய ஒன்று. வறண்ட கிராமமொன்றுக்குப் போர்முனையிலிருந்து முத்திரையிட்ட சவப்பெட்டி வந்து சேர்கிறது. பார்வையற்ற தந்தை வன்னிஹாமி (பெயரிலேயே வன்னி உண்டு) மகன் இறந்தான் என்பதை ஏற்க மறுக்கிறார். இழப்பீட்டுப் படிவத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். ஈற்றில் புதைகுழி தோண்டப்படுகிறது. பெட்டியுள் உடல் இல்லை. 2000 ஆம் ஆண்டில் இலங்கையில் தடைசெய்யப்பட்ட இப்படத்தை, உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின் 2001 இலேயே மக்கள் காண முடிந்தது.

ஜோ அபேவிக்கிரம நடித்த அம்முதியவர் அரற்றுவதில்லை. அவர் துயரை எவரும் விளக்குவதுமில்லை. பெட்டி, படிவம், இடாத ஒப்பம் என்பவையே பேசுகின்றன. இந்நெறி தமிழுக்குப் புதிதன்று. கருப்பொருளை முன்னிறுத்தி உரிப்பொருளை உணர்த்தியது சங்க அகப்பாடல். ஐசன்ஸ்ரைனும் 1929 இல் எழுதிய கட்டுரையொன்றில் யப்பானியக் ஹைக்கூவிலே படத்தொகுப்பின் இயல்பைக் கண்டார். திரை கவிதையிடம் பெற்றதைக் கவிதை மீளப் பெறுவதில் இழுக்கில்லை.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்களைப் பாடிய கவிதைகளிற் குருதியும் கண்ணீரும் நெருப்பும் மலிந்து கிடக்கின்றன. அச்சினம் பொய்யன்று. ஆயினும் தாயொருத்தியின் மடியிலிருக்கும் சட்டமிட்ட நிழற்படத்தை, அதன் கண்ணாடியிற் படியும் வீதிப் புழுதியை, அதைத் துடைக்கும் சேலைத் தலைப்பை அக்கவிதைகள் காண்பதில்லை. அவை அவசரமாக முழக்கத்துக்குப் போய்விடுகின்றன. ஒரு கணம் அசையாது நிற்கும் கமராவின் பொறுமை அங்கு வேண்டப்படுகிறது.

படைவீரனின் தந்தையிடம் வன்னித் தாயைப் பாடுவோன் கற்பதற்கு என்ன உண்டென வினவுவார் உளர். அவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வன்னிஹாமிக்கு மறுப்பதற்கு ஒரு பெட்டியாவது இருந்தது. தோண்டுவதற்கு ஒரு குழி இருந்தது. உடன்தோண்ட ஊர் இருந்தது. கிளிநொச்சித் தாய்க்கு அவற்றுள் எதுவுமில்லை. வெறுங்கையோடு மறுக்கும் அவளுக்கான படிமத்தை அப்படத்தில் எடுக்க இயலாது. அதைக் கவிஞன் அவள் அமர்ந்திருக்கும் கொட்டகையிலேயே தேடவேண்டும்.